பெல்லின் காதலி பெயர் ஹலோவா? ஆங்கில வியப்புச் சொற்களும் அன்றாடத் தொடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது ‘ஹலோ பிறந்த கதை’ வந்துவிடும். சித்தப்பா அனுப்புவார், மாமா கைகூப்பி நன்றி சொல்வார், நான் மறுத்து எழுதுவேன், யாரும் படிக்க மாட்டார்கள். எழுதி எழுதிச் சேர்ந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். இனிமேல் இணைப்பை அனுப்பினால் போதும்.

கிரகாம் பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, அவர் நினைவாகத்தான் ஹலோ சொல்கிறோம் என்கிறார்களே?

அப்படி ஒரு மார்கரெட் இருந்ததே இல்லை. பெல் காதலித்து, 1877 ஜூலையில் மணந்த பெண் மேபெல் ஹப்பர்ட். சிறு வயதில் வந்த காய்ச்சலில் மேபெலுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. தொலைபேசியில் யார் எவ்வளவு கத்தி ஹலோ சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது. கதை கட்டியவர் இதையாவது விசாரித்திருக்கலாம்.

1876 மார்ச் 10 அன்று பெல் கம்பி வழியாகப் பேசிய முதல் வாக்கியம், அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்கானது. ‘வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்’ என்பதுதான் அது. அதில் ஹலோவும் இல்லை, காதலும் இல்லை. இன்னொரு வேடிக்கை, பெல்லுக்குப் பிடித்த சொல் ‘அஹோய்’. கப்பல்காரர்கள் தூரத்துக் கப்பலைப் பார்த்துக் கூவும் கூவல் அது.

அப்படியென்றால் ஹலோவைத் தொலைபேசிக்குள் கொண்டுவந்தது யார்?

பெல்லின் போட்டியாளர் எடிசன். தொடக்கத்தில் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே கம்பி எப்போதும் திறந்தே கிடக்கும் என்றுதான் நினைத்தார்கள். அப்படியானால் எதிர்முனையில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? மணி வைக்கலாமா? 1877 ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தந்தி நிறுவனத் தலைவருக்கு எடிசன் ஒரு கடிதம் எழுதினார். மணி தேவைப்படாது, ‘ஹலோ’ என்றால் 10 முதல் 20 அடி தூரத்துக்குக் கேட்கும் என்பது அதன் சாரம். எடிசனுக்கும் காது மந்தம் என்பதைச் சேர்த்துப் படித்தால் அந்தக் கடிதம் இன்னும் சுவைக்கும்.

ஆனால் சொல்லை அவர் உண்டாக்கவில்லை. 1820களிலேயே அமெரிக்க அச்சில் ஹலோ இருக்கிறது. அதற்கும் முன்னால் ஹல்லோ, ஹாலூ என்று பல வடிவங்கள் உண்டு. வேட்டை நாயை ஏவ, அக்கரையில் இருக்கும் படகுக்காரரைக் கூப்பிட என எல்லாமே தூரத்துக்குக் கத்தும் சொற்கள். நம்முடைய ‘ஏய்’, ‘ஓய்’ வகை. கத்துவதற்கு இருந்த சொல்லை எடிசன் காதோரத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் பெரியப்பா மட்டும் இன்றைக்கும் பழைய முறைப்படி அக்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் ஹலோ சொல்வார்.

ஓகே எதன் சுருக்கம்?

ஒரு தவறான எழுத்துக்கூட்டலின் சுருக்கம். உலகத்தில் அதிகம் பேர் சொல்லும் சொற்களில் ஒன்று ஒரு பத்திரிகை நகைச்சுவையில் பிறந்தது.

1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்குச் சுருக்கெழுத்துப் பித்து பிடித்திருந்தது. சும்மா சுருக்கினால் போதாது, முதலில் சொல்லைத் தப்பாக எழுத வேண்டும், பிறகு சுருக்க வேண்டும். ‘ஆல் ரைட்’டை ‘ஓல் ரைட்’ என்று, ரைட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூவும் போட்டுக் கெடுத்து, ஓ.டபிள்யூ. என்றார்கள். அதே பாணியில் ‘ஆல் கரெக்ட்’டைக் கெடுத்து ‘ஓல் கொரெக்ட்’ ஆக்கி, ஓ.கே. என்று 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழ் அச்சிட்டது. எல்லாம் சரி என்று சொல்லும் சொல்லிலேயே இரண்டு எழுத்தும் தப்பு. ஜோக் அவ்வளவுதான்.

அந்தக் காலச் சுருக்கங்கள் அநேகமாக எல்லாமே செத்துவிட்டன. ஓகே பிழைத்ததற்கு அரசியல்தான் காரணம். 1840 அமெரிக்க அதிபர் தேர்தலில் மறுபடியும் நின்ற மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக். ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே. ஆதரவாளர்கள் ஓகே சங்கம் வைத்தார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அந்த எழுத்துகளுக்குத் தன் பங்குக்கு வசை விரிவாக்கங்களைக் கண்டுபிடித்தது. வான் பியூரன் தோற்றார், ஓகே ஜெயித்தது. பிறகு தந்தி வந்தபோது இரண்டே எழுத்தில் ‘சரி’ சொல்ல வசதியாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது.

இதைப் பழைய நாளிதழ்களைப் புரட்டி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1960களில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகும் செவ்விந்தியரான சாக்டா மக்களின் சொல் என்றும், கிரேக்கச் சொல் என்றும், போரில் ‘பூஜ்யம் பேர் பலி’ என்று பலகையில் எழுதியது என்றும் கதைகள் ஓயவில்லை. நமக்கு அதெல்லாம் எதற்கு? ஓகே ஆச்சு, ஓகே பண்ணு, ஓகேதானே என்று அதற்குத் தமிழ் இலக்கணமே போட்டுவிட்டோம்.

குட்பையில் இருக்கும் ‘பை’ என்ன?

‘பி வித் யி’. கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்னும் முழு வாக்கியம் வாயில் தேய்ந்து தேய்ந்து குட்பை ஆனது. கேப்ரியல் ஹார்வி என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் 1573-ல் எழுதிய கடிதத்தில் அது பாதி தேய்ந்த நிலையில் கிடைக்கிறது. குட் டே, குட் ஈவினிங் எல்லாம் பக்கத்திலேயே இருந்ததால் ‘காட்’ மெல்ல ‘குட்’ ஆகிவிட்டது. பிரெஞ்சு ‘அதியூ’, ஸ்பானிய ‘அதியோஸ்’ இரண்டிலும் கடவுள் இன்னும் வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் பாட்டியிடம் ‘போறேன்’ என்று சொல்லிப் படியிறங்க முடியாது. ‘போயிட்டு வர்றேன்னு சொல்லுடா’ என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பார். பிரியும் நேரத்தில் வெறுமனே பிரியக் கூடாது என்ற பயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அவர்கள் கடவுளைத் துணைக்கு அனுப்பினார்கள், நாம் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறோம்.

காஷ், கோலி, ஜீ, ஹெக், டார்ன்: இவற்றுக்கெல்லாம் பொருள் உண்டா?

எல்லாமே மாறுவேடம் போட்ட சொற்கள். காஷும் கோலியும் ‘காட்’. ஜீ, ஜீஸ் இரண்டும் ஜீஸஸ். கிரைக்கி என்பது கிறிஸ்து. ஹெக் என்றால் ஹெல், டார்ன் என்றால் டேம். கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. கல்லில் கால் இடித்துக்கொண்டவனுக்கு அந்த நேரத்தில் கட்டளை நினைவிருக்காது. ஆனால் பாதிச் சொல் வாயை விட்டு வந்தபிறகு நினைவு வந்தால்? கடைசி ஒலியை மாற்றித் தப்பிக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருந்தது. 1606-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, மேடையில் கடவுள் பெயரைக் கேலியாகவோ வீணாகவோ சொன்னால் 10 பவுன் அபராதம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ‘சவுண்ட்ஸ்’ என்பது கடவுளின் காயங்கள், ‘ஸ்ட்ரூத்’ என்பது கடவுளின் உண்மை. முன்னால் இருந்த கடவுளை மட்டும் விழுங்கிவிட்டார்கள்.

இது தமிழ்க் காதுக்கு விசித்திரமாகத்தான் படும். நமக்கு முருகா, பெருமாளே, மாரியாத்தா என்று அலறுவதில் எந்தத் தடையும் இல்லை, சொல்லச் சொல்லப் புண்ணியம். நம் பயம் வேறு பக்கம். ராத்திரியில் பாம்பைப் ‘பூச்சி’ என்போம். அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கா’ என்போம். பெயரைச் சொன்னால் ஆள் வந்துவிடும் என்ற அதே நினைப்புதான்.

வாவ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவா?

ஸ்காட்லாந்து. கேவின் டக்ளஸ் என்ற ஸ்காட்டிஷ் கவிஞர் 1513-ல் முடித்த லத்தீன் காவிய மொழிபெயர்ப்பில் வாவ் இருக்கிறது. அமெரிக்க இளைஞர்கள் பிடித்துக்கொண்டதெல்லாம் மிகப் பின்னால்.

அடிபட்டால் எல்லா மொழிக்காரர்களும் ஒரே மாதிரிதானே கத்துவார்கள்?

ஏறக்குறைய, ஆனால் முழுக்க இல்லை. ‘ஆ’, ‘அவ்’ என்று வாய் திறப்பது பொதுவானது. அதற்குப் பின்னால் வரும் ஒலி அந்தந்த மொழியின் பழக்கம். ‘அவுச்’ 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எழுத்தில் தலைகாட்டுகிறது. அங்கே குடியேறிய ஜெர்மானியரின் ‘அவுச்’சிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். நம் குழந்தை ‘அம்மா’ என்று கத்தும். ஆங்கில வழிப் பள்ளிக்குப் போன என் அக்கா மகள், கதவில் விரல் நசுங்கியபோது முதலில் ‘அவுச்’ என்றாள், வலி நிஜமாக ஏறியதும் ‘அம்மா’ என்றாள்.

எல்லா மொழிக்கும் பொதுவான சொல் ஒன்றாவது உண்டா?

உண்டு என்று சொல்லிப் பரிசே வாங்கியிருக்கிறார்கள். காதில் சரியாக விழாதபோது ஆங்கிலத்தில் ‘ஹ?’ என்பார்கள், நாம் ‘ஆங்?’ என்போம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் டிங்கமன்ஸேயும் இரண்டு ஆய்வாளர்களும் 10 மொழிகளின் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகளிலும் இந்தச் சொல் ஒரே அச்சில் இருந்தது. குட்டையான ஓரசை, நாக்கை அதிகம் நகர்த்தாத உயிரொலி, கேள்வித் தொனி. 2013-ல் வெளியான அந்த ஆய்வுக்கு 2015-ல் இலக்கியத்துக்கான இக் நோபல் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

காரணமும் எளிமையானது. எதிரில் இருப்பவர் பேச்சு விடுபட்டதும் யோசிக்க நேரமில்லாமல் கேட்டாக வேண்டும். வாய் எந்தச் சிரமமும் படாமல் தரக்கூடிய ஒலி எதுவோ அதுதான் எல்லா ஊரிலும் வந்து சேரும்.

தும்மினால் ‘பிளஸ் யூ’ சொல்வது பிளேக் காலத்துப் பழக்கமா?

590-ல் ரோமில் கொள்ளைநோய் வந்தபோது போப் முதலாம் கிரகரி தொடங்கி வைத்தது என்ற கதை பிரபலம். ஆனால் அதற்கு 500 ஆண்டுக்கும் முன்னால் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தும்முகிறவரை ஏன் வாழ்த்துகிறோம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். கடுகடுப்புக்குப் பேர்போன மன்னர் டைபீரியஸ், தேரில் போகும்போதுகூட அந்த வாழ்த்தை எதிர்பார்ப்பாராம்.

நம் பக்கச் சாட்சி இன்னும் அழகு. ‘வழுத்தினாள் தும்மினே னாக’ என்று தொடங்கும் 1317-ஆம் குறளில், காதலன் தும்மியதும் அவள் வாழ்த்துகிறாள். அடுத்த நொடியே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். பிளேக்கும் இல்லை, போப்பும் இல்லை. குழந்தை தும்மினால் ‘நூறு’ என்று பெரியவர்கள் சொல்வது இன்றும் பல வீடுகளில் உண்டு.

விமானிகள் சொல்லும் ‘மேடே’க்கும் மே தினத்துக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. அது ஆங்கில எழுத்தில் ஒளிந்திருக்கும் பிரெஞ்சு. ‘எனக்கு உதவுங்கள்’ என்பதற்கு பிரெஞ்சில் ‘மெதே’. 1920களின் தொடக்கத்தில் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டிடம், ஆபத்தில் எல்லோருக்கும் விளங்கும் ஒரு சொல் கேட்டார்கள். கிராய்டனிலிருந்து பறந்த விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸின் லெ பூர்ஷே நிலையத்துக்குத்தான் போய்வந்தன. அதனால் இரு நாட்டு விமானிக்கும் புரிகிற ஒலியாகத் தேர்ந்தெடுத்தார். 1927 வாஷிங்டன் மாநாட்டில் அது உலக விதி ஆனது. மூன்று முறை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஸ்ஓஎஸ்ஸும் ‘எங்கள் ஆன்மாக்களைக் காப்பாற்றுங்கள்’ என்பதன் சுருக்கம் இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற தந்தி ஓசை இரைச்சலிலும் தனியாகக் கேட்கும் என்பதால் 1906 பெர்லின் மாநாட்டில் ஏற்றார்கள். விரிவாக்கம் பிறகு ஒட்டியது. ‘ரோஜர்’ இன்னும் எளிது. செய்தி கிடைத்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஆர், பழைய வானொலி எழுத்துப் பட்டியலில் ஆருக்கு ரோஜர். 1956-ல் அந்த இடத்துக்கு ரோமியோ வந்தார். ஆனால் ரோஜரை யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

டெட்லைனில் சாவு எங்கே இருக்கிறது?

நிஜமாகவே இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ல் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பு ஒரு போர்க்கைதி முகாம் திறந்தது. பைன் மரக்கட்டைகளை நெருக்கி நட்ட உயர்ந்த சுவர். சுவருக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி, குட்டைக் கம்பங்களின் மேல் வரிசையாக மெல்லிய மரச்சட்டம் அடித்திருந்தது. தாண்ட முயன்றால் ஒரே தாவல் போதும். ஆனால் தாண்டினால், தொட்டால்கூட, சுவர் மேல் இருக்கும் காவலாளி எச்சரிக்காமல் சுடலாம். அந்தச் சட்டத்துக்குப் பெயர்தான் டெட்லைன். முகாமுக்குள் ஓடிய ஓடை நாறிப்போயிருந்தது. கொஞ்சம் தெளிந்த தண்ணீருக்காகச் சட்டத்துக்கு அடியில் கை நீட்டியவர்கள் சுடப்பட்டதாக உயிர் பிழைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சுமார் 45,000 கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் அங்கேயே இறந்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பட்டினியாலும். முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகை அலுவலகங்கள் இந்தச் சொல்லைக் கெடு என்ற பொருளில் எடுத்துக்கொண்டன. இப்போது மேலாளர் ‘டெட்லைன் வெள்ளிக்கிழமை’ என்று மின்னஞ்சல் போடும்போது எனக்கு அந்த மரச்சட்டம்தான் கண்ணில் வருகிறது.

நாயும் பூனையுமாக மழை பெய்தது எப்போது?

கூரை வேய்ந்த வீட்டின் மேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்ற கதை 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய புரளி. நாய் எதற்கு ஓலைக்கூரையில் ஏறுகிறது? 17-ஆம் நூற்றாண்டு நடுவிலேயே நாய், பூனை, மரநாய் என்று மழையாகக் கொட்டும் வரிகள் இங்கிலாந்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எதுவும் நடந்த நிகழ்ச்சி இல்லை, சும்மா மிகைப்படுத்தல். நாம் ‘பேய்மழை’ என்கிறோம், பேய் விழுந்ததை யார் பார்த்தார்கள்?

‘ரூல் ஆஃப் தம்’ என்பது மனைவியை அடிக்கும் பிரம்பின் பருமனாமே?

கட்டைவிரலை விடத் தடிமன் இல்லாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் சொன்னதாகக் கதை. அப்படிச் சட்டம் இல்லை. 1782-ல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாகப் பேச்சு கிளம்பி, கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அவரைக் குச்சி விற்கும் ‘கட்டைவிரல் நீதிபதி’யாக வரைந்து நாற அடித்தார். ஆனால் தொடர் அதற்கு 100 ஆண்டுக்கு முன்பே வழக்கில் இருக்கிறது. கருவி இல்லாமல் கைவிரலால் அளக்கும் தச்சர் கணக்கு அது. பிரெஞ்சில் கட்டைவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல்தான். விரற்கடை, சாண், முழம் என்று பூவரைக்கும் கையால் அளந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியூஸ் என்றால் நான்கு திசைகளின் முதலெழுத்து என்று பள்ளியில் படித்தேனே?

நானும்தான். ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் திசைகாட்டியே வரைந்து சொன்னார்கள், வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் பெருமையாக ஒப்பித்தேன். உண்மையில் ‘நியூ’வின் பன்மை அது. புதியவை, அவ்வளவுதான்.

முதலெழுத்துக் கதை எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். 20-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது அபூர்வம். ஓகே அந்த அபூர்வங்களில் ஒன்று, அதற்கும் தேதியோடு அச்சுத் தாள் இருக்கிறது. பகட்டானது என்று பொருள்படும் ‘போஷ்’ கதையும் இந்த ரகம்தான். இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம், அந்தப் பணக்காரப் பயணச்சீட்டில் நான்கெழுத்து முத்திரை என்பார்கள். அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

‘டேம்’ என்பது நம் ஊர்க் காசு என்பது சரியா?

சறுக்க வைக்கும் கதை, ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘ஒரு டேம்கூடக் கவலையில்லை’ என்ற ஆங்கிலத் தொடரில் வருவது முகலாயர் காலத்துச் செப்புக்காசான ‘தாம்’, அக்பர் காலத்தில் 40 தாம் ஒரு ரூபாய். இந்த யோசனையை 1886-ல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதி முன்வைத்தது. ஆக்ஸ்ஃபர்டு அகராதி அதை ஏற்கவில்லை. அது வெறும் சாபச் சொல்தான் என்கிறது. ‘செல்லாக்காசுக்கு மதிக்க மாட்டேன்’ என்று நாம் சொல்வதால் நமக்கு அந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

அந்த அகராதியின் பெயரே ஒரு கூவல்தான். மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவர்களின் குரல், பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் ஹாப்சன் ஜாப்சன் ஆகிவிட்டது. துக்கத்தில் எழுந்த குரலை விளையாட்டுப் பெயராக்கிப் புத்தக அட்டையில் போட்டது இன்று படிக்கக் கொஞ்சம் உறுத்துகிறது. தொகுத்த இருவரில் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார்.

அப்போது ‘கேஷ்’ நம் காசு இல்லையா?

பாதி. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. ஆனால் ஆசியச் சில்லறைக் காசைக் குறிக்கும் இன்னொரு கேஷ் ஆங்கிலத்தில் உண்டு, அது போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசேதான். சென்னையில் கும்பினிக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒரே சொல் போலத் தெரிகிறது.

ஐயோ ஆங்கில அகராதியில் சேர்ந்துவிட்டதாமே?

ஆமாம், 2016 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி சேர்த்தது. ஆனால் முழு உரிமை கொண்டாட முடியாது. சீனத்திலும் ஏறக்குறைய ‘ஐயோ’ என்றே ஒலிக்கும் சொல் இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் ஐயோவும் சீனர் ஐயோவும் ஒரே சந்தையில், ஒரே விலையைக் கேட்டு எழுவதுதான். அதே பட்டியலில் ‘ஐயா’வும் சேர்ந்தது. குடும்பக் குழுவில் அதற்கும் ‘தமிழின் மரியாதை’ என்று ஒரு பதிவு வந்தது. அது நம் ஐயா இல்லை சித்தப்பா, சீனர்கள் சலித்துக்கொள்ளும்போது சொல்லும் ஐயா.